விரிசல் மேல் கண்ணாடி

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். ராயபுரத்தில் மேம்பாலத் தூண்கள் வரப்போகும் சந்து. பாதுகாக்க வேண்டிய பழைய வீடுகள் ஆறு. ஒவ்வொன்றிலும் சுவர் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு, இரு முனையிலும் வெள்ளைச் சிமெண்ட், மேலே மார்க்கரில் தேதி. தூணுக்குத் துளை போடும் அதிர்வில் சுவர் நகர்ந்தால் சில்லு உடையும். தினமும் மாலை நான்கு மணிக்குப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை.

மூன்றாம் வீட்டில் செலின் அக்கா. காசிமேட்டில் மீன் விற்பவர். கணவர், மகளுடன் கீழ்த்தளத்தில் வாடகைக்கு.

"இன்னாம்மா, எங்க வூட்டுக்கு பிளாஸ்திரி போட்டுகினு கீற? எங்க அடி?"

"பயப்படாதீங்கக்கா. இது உடைஞ்சா அன்னிக்கே உங்களை வெளியே கூட்டிட்டுப் போயிடுவோம்."

அவர் சிரிப்பு நின்றது. மழை வலுத்தது, கிளம்பிவிட்டேன்.

வாங்க: மார்க்கர், குடை. நூலகப் புத்தகம் இரண்டு திருப்ப வேண்டும்.

நவ. 12, புதன்

மழை இல்லை. வீடு 1, 5: மயிரிழைக் கீறல். வீடு 3: மாற்றமில்லை. மேம்பால வேலை இன்ஜினியருக்குச் சந்தோஷம். "பழைய சுண்ணாம்புக் கட்டடம்மா, அசையாது." என் பதிவேட்டை வைத்து, அடுத்த துளை மூன்றாம் வீட்டை ஒட்டியே என்று முடிவு.

பஸ்ஸில் சுண்ணாம்புக் கலவை பற்றி வாசித்தேன். சிமெண்ட் போல விறைக்காதாம், கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்குமாம். அந்த வீட்டை நானே கட்டியதுபோல ஒரு பெருமை.

குடை வாங்கவில்லை.

நவ. 14, வெள்ளி

மாலை திருவொற்றியூரில் கூட்டம். அதனால் காலையிலேயே போனேன். போயிருக்காவிட்டால்?

செலின் அக்கா ஸ்டூல் மேல். கத்தியால் சுவரைச் சுரண்டிக்கொண்டு. கீழே செய்தித்தாளில் உடைந்த சில்லுகள். திங்களன்று நான் ஒட்டியது, பிறகு தினம் ஒன்றாக அவர் ஒட்டியவை. நான்கு. எல்லாவற்றிலும் பத்தாம் தேதி. எல்லாம் என் கையெழுத்து.

"பொண்ணு எழுதிச்சு. உன்ன மாரியே சுழிச்சு சுழிச்சு."

"ஏன்க்கா?"

"உடஞ்சா இட்டுகினு பூடுவேன்னு நீதானே சொன்ன? எங்க, ஊருக்கு அந்தாண்ட பெரும்பாக்கம் போர்டு வூட்டுக்கா? அங்கேந்து விடிகாலை மீன் ஏலத்துக்கு நான் எப்டி வர்றது? படத்துக்கு பிரேம் போடுற கடைல கண்ணாடி வெட்டி வாங்கியாந்தேன்."

விரிசலுக்குள் என் சுண்டுவிரல் போயிற்று. திங்களன்று பென்சில் முனைகூடப் போகவில்லை. பிறகு தினமும் சில்லை மட்டுமே பார்த்திருக்கிறேன், விரிசலை இல்லை. அதற்கு நேர் கீழே மகளின் பாய், இன்னும் சுருட்டாமல். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுதிய "மாற்றமில்லை"யை நம்பி.

இன்ஜினியருக்குப் போன். நிறுத்தினார்கள். அக்கா பாயைச் சுருட்டினார். கூட்டத்துக்குப் போகவில்லை. சாப்பிட்டேனா, நினைவில்லை.

நவ. 15, சனி

நல்ல வெயில். மூன்றாம் வீட்டுக் கதவில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். குட்டி யானை வண்டியில் கட்டில், அன்னக்கூடைகள், மாதா படம்.

"செவுத்துக்கு முட்டு குடுத்து சரி பண்ணா திரும்பி வர்லாமா?" அக்கா கேட்டது இதை மட்டும்தான்.

வரலாம் என்றேன். யாரையும் கேட்காமல்.

சந்து முழுக்க வாசலில் நின்று வண்டி போவதைப் பார்த்தது. மணி நான்கு. அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே குடியிருக்கும் பெண்மணி கையைப் புடவையில் துடைத்தபடி வழிவிட்டார்.

"எங்க வூட்ல ஒண்ணும் இல்லம்மா. ஒட்னது ஒட்னபடி கீது, பாத்துக்கோ."

கண்ணாடி முழுசாக இருந்தது. பத்தாம் தேதி. தொட்டேன். வெள்ளைச் சிமெண்ட் ஈரமாக விரலில் ஒட்டியது.