உயிரோடிருப்பவர்களின் படங்கள்

அன்புள்ள அக்கா,

நேற்றுப் பின்னேரம் ஹென்டர்சன் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பெண் பையிலிருந்து ஒரு டின்னை எடுத்துத் தலையைக் குனிந்து ஹேர் ஸ்ப்ரே அடித்தாள். காற்று அந்த மணத்தை என் பக்கம் கொண்டுவந்தது. உடனே உங்கள் குசினி மேசை நினைவுக்கு வந்தது. கரித்தூள் படிந்த உங்கள் விரல்களும் வந்தன. ரயில் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்தது வரும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. பழைய கிரேக்க, லத்தீன் நூல்களைத் தேடித் தேடி வாசித்த இத்தாலியப் புலவர்கள், எப்போதோ இறந்துபோன அந்த ஆசிரியர்களுக்குக் கடிதமும் எழுதினார்கள் என்று நம் வகுப்பில் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? நான் சிரித்தேன். நீங்கள் என் காதுக்குள், "பதில் வராதுன்னு தெரிஞ்சே எழுதியிருக்காங்க, பாவம் லா" என்றீர்கள். இன்றைக்கு என் முறை.

அந்த வகுப்புக்கு நான் விரும்பி வரவில்லை. அப்போது எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. கதவு மணி அடித்தால் பயம். தபால்பெட்டியைத் திறக்கப் பயம். இவர் பாண், ரொட்டி சுடும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனபின் திரையை இழுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இருப்பேன். அடுத்த யூனிட்டில் நீங்கள். ஈப்போவில் பிறந்து வளர்ந்து, இங்கே பல் வைத்தியர் ஒருவரிடம் நர்ஸாக இருந்தீர்கள். உங்கள் கணவர் வேலைக்காக வெலிங்டனில் இருந்தார். மணியடித்தால் நான் திறக்கமாட்டேன் என்று கண்டுகொண்டு, குசினி ஜன்னலில் விரலால் தட்டி, "சாந்தி, பசியாறியாச்சா?" என்று கேட்பீர்கள். அந்தச் சொல் எனக்குப் புதிது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று விளங்கவே எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

ஒரு நாள் கையில் ஒரு விளம்பரத் தாளோடு வந்தீர்கள். ஹைஸ்கூலில் சனிக்கிழமை மத்தியானங்களில் மறுமலர்ச்சிக் கால ஓவியம் பற்றி வகுப்பு. பார்க்கலாம், வரைந்தும் பழகலாம். "தனியாப் போகப் பயமா இருக்கு. நீயும் வா" என்றீர்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும். மோட்டர்வேயில் கார் ஓட்டுவதைத் தவிர வேறு எதற்கும் நீங்கள் பயப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

திரைகளை மூடி விளக்கை அணைத்துவிட்டு ஸ்லைடு காட்டினார்கள். பட்டப்பகலில் அந்த இருட்டு எனக்குப் பிடிக்கவில்லை. கதவுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பேன். முதலில் பழைய தேவாலயப் படங்கள். பொன் பூசிய பின்னணி, ஒரே அச்சில் வார்த்தது போன்ற முகங்கள். படத்துக்குக் காசு கொடுத்த மனிதர் ஓரத்தில், புனிதரின் முழங்கால் உயரத்துக்குச் சின்னதாக மண்டியிட்டிருப்பார். பிறகு ஆசிரியை ஸ்லைடுகளை மாற்ற மாற்ற அந்தச் சின்ன மனிதர் வளரத் தொடங்கினார். கடைசியில் புனிதர்களே இல்லாத படத்தில் ஒரு துணி வியாபாரி தனியாக நின்று எங்களை நேரே பார்த்தார். மூக்கு முழுக்கக் கட்டிகள் கொண்ட ஒரு கிழவரின் படமும் வந்தது. ஓவியர் ஒரு கட்டியைக்கூட மறைக்கவில்லை.

என் ஆங்கிலம் பின்தங்கும் இடங்களில் நீங்கள் மெதுவாகத் தமிழில் சொல்லுவீர்கள். "மனுஷனைப் பார்க்க ஆரம்பிச்சாங்க மா. ஒவ்வொருத்தனும் தனி. அதைத்தான் சொல்றாங்க." ஓவியத்தோடு அது நிற்கவில்லை என்றார் ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பிப்பது, ஊரை எப்படி ஆளுவது, உடம்புக்குள் என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் மனிதனை வைத்தே கேட்கத் தொடங்கினார்களாம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இருட்டில் அத்தனை கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

வெனிஸ் நகரத்து வகுப்பை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பட்டும் தண்ணீரும் வெளிச்சமுமாகப் படங்கள் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சுவர் வந்தது. சுவரில் கல்லில் செதுக்கிய முகம், வாய் பிளந்திருந்தது. அந்த வாய்க்குள் யாரும் இன்னொருவர்மேல் குற்றம் எழுதிப் போடலாம். அரண்மனைக்காரர்கள் எடுத்து விசாரிப்பார்கள் என்றார் ஆசிரியை. "மனிதனை இவ்வளவு அழகாக வரைந்த காலத்திலா?" என்று யாரோ கேட்டார்கள். "அதே காலத்தில், அதே ஊரில்" என்றார்.

நான் எழும்பி வெளியே போய்விட்டேன். நீங்கள் பின்னால் வந்து பள்ளிக்கூடப் படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். நானாகத்தான் சொன்னேன்.

"எங்கட ஊரில சுற்றிவளைப்பு எண்டால் ஆமிக்காரர் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோவினம் அக்கா. ஜீப்புக்குள்ள தலையில சாக்குப் போட்ட ஒருத்தன் இருப்பான். கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை. தலையாட்டி எண்டுறது. ஒவ்வொருத்தராப் போய் அவனுக்கு முகத்தைக் காட்டோணும். அவன் தலையை ஆட்டினால் பிடிச்சுக்கொண்டு போயிடுவினம்."

"உன்னைப் பார்த்து ஆட்டலையே?"

"இல்லை."

"வேற யாரையாச்சும்?"

"கனபேரை" என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

பிறகு நூலகத்தில் மாட்டுவதற்கு ஆளுக்கொரு முகம் வரைந்துவரச் சொன்னார்கள். என்னை வரையட்டுமா என்று கேட்டீர்கள். "உயிரோட இருக்கிற ஆளைப் பெரிசா வரைஞ்சு மாட்டுறதோ அக்கா? எங்கட வீடுகளில செத்தவையின்ர படத்தைத்தானே மாட்டுறது" என்றேன். "எங்க வீட்லயும் அப்படித்தான் மா. அதான் மாத்தலாம்னு பார்க்கிறேன்" என்று சொல்லி என்னை ஜன்னலோரம் இருத்தினீர்கள். இவர் கொண்டுவந்த பாணைப் பிய்த்து உருட்டித் தவறான கோடுகளை அழித்தீர்கள். முடிந்ததும் கரி உதிராமலிருக்கப் படத்துக்கு ஹேர் ஸ்ப்ரே அடித்தீர்கள். இருவரும் தும்மினோம்.

அந்தப் படம் ஹென்டர்சன் நூலகத்தில் மாட்டப்பட்டது. அதற்குக் கீழே என் பெயரும் இருந்தது. யாராவது பார்த்துவிட்டு ஊரில் சொன்னால்? வவுனியாவில் அம்மா தனியாக இருக்கிறாவே, அவவிடம் போய் விசாரித்தால்? "இது லைப்ரரி லா, இங்க யாரு வரப்போறா?" என்றீர்கள். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையே கழற்றிவிடலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

அங்கே என் படத்துக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஆள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. முகத்தைப் படத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பெயரை வாசித்தார். கவுன்டரில் ஏதோ கேட்டார். அங்கிருந்த பெண் வாசலில் நின்ற என்னைக் கைகாட்டினாள்.

ஓட வேண்டும்போல் இருந்தது. அவர் நேரே என்னிடம் வந்தார். நரைத்த மீசை, மழைக்கோட்டு.

"பிள்ளை யாழ்ப்பாணமோ?"

நான் ஆங்கிலத்தில் 'நோ' என்றேன்.

நீங்கள் எனக்கு முன்னால் வந்து நின்றீர்கள். "அவங்கதான் இல்லைன்னுட்டாங்களே. நீங்க யாரு?"

"நான் மனுகாவில இருக்கிறன், அம்மா. மகளோட. இதைக் கீறினது ஆர்?"

"கீறினதா?" நீங்கள் பதறிப்போய்ப் படத்தைப் பார்த்தீர்கள். யாரோ பிளேடால் கிழித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டீர்கள். வரைந்ததைக் கேட்கிறார் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அப்படித்தான் நான் யாழ்ப்பாணம் என்பது வெளியே வந்தது.

அவர் மெதுவாகச் சொன்னார். "என்ர மகன்ர படம் ஒண்டும் என்னட்டை இல்லை. சுற்றிவளைப்பு வரேக்கை என்ர மனுசி எல்லாப் படத்தையும் அடுப்புக்குள்ள போட்டிட்டா. படம் இருந்தால் அதை வைச்சுத் தேடுவாங்கள் எண்ட பயம். பிறகு படம் இல்லாமலே பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். இன்னும் தகவல் இல்லை. ஆளைப் பாக்காமல் கீறேலுமோ, அம்மா?"

நீங்கள் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "சனிக்கிழமை வாங்க" என்றீர்கள்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் வகுப்புக்குப் போகவில்லை. உங்கள் குசினியில் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் வரைந்தீர்கள். தமிழுக்கும் தமிழுக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர். "நாடி கொஞ்சம் கூர்" என்று அவர் சொல்ல, நீங்கள் உங்கள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தீர்கள். முகவாய் என்றேன். சொக்கை என்றால் கன்னம் என்றேன். அவர்கூட ஒருமுறை சிரித்தார். நெற்றி வந்தது, கண் வந்தது, காது வந்தது. பிறகு அவர் தன் வாயைக் கையால் தடவிக்கொண்டு நிறுத்திவிட்டார்.

"வாய் எனக்கு வருகுதில்லை, பிள்ளை" என்றார்.

அவர் அழவில்லை. வீட்டுப் பூட்டின் திறப்பைத் தொலைத்தவர்போல மேசையை அங்குமிங்கும் பார்த்தார். நீங்கள் வாயை வரைந்து வரைந்து பாணால் அழித்தீர்கள். கடைசியில் ஒன்றைப் பார்த்து, "உது கிட்டத்தட்ட" என்றார். தாளைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மாறியது.

"இதைச் சுவரில மாட்டினால், அவன் இல்லை எண்டு நானே சொன்ன மாதிரியெல்லோ?"

"மாட்டாதீங்க ஐயா" என்றீர்கள். "சுருட்டி வச்சிக்கங்க. பையன் வந்ததும் பக்கத்துல நிக்க வச்சு, நான் எங்க தப்பு விட்டேன்னு பார்த்துச் சொல்லுங்க."

அவர் போனபின் நான் உங்கள் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். கண்ணை மூடி என் தம்பியின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். சைக்கிள் வந்தது, நீலச் சட்டை வந்தது. முகம் கலங்கிய தண்ணீருக்குள் கிடப்பதுபோல் இருந்தது. அந்த மைதானத்தில் நின்றபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. யாரும் என்னைப் பார்த்துவிடக்கூடாது என்று பயந்து பயந்தே நான் அவனை மனதுக்குள்கூடப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

வெளியே வந்து உங்களிடம் சொன்னேன். "எனக்கு முன்னால வரிசையில நிண்டவன் என்ர தம்பி, அக்கா. அவனைப் பாத்துத்தான் தலையாட்டினது."

நீங்கள் புதுத் தாளை எடுத்தீர்கள். என்னை அதே ஜன்னலோரம் இருத்தினீர்கள். "உன் மூஞ்சிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். எது அவன் இல்லையோ அதைச் சொல்லு" என்றீர்கள். மூக்கு என்னுடையது வேண்டாம், இன்னும் அகலம். புருவம் இதுதான். இடது காது கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். இருட்டும்வரை அழித்து அழித்து வரைந்தீர்கள். அவன் முழுக்க வரவில்லை. ஆனால் அவனை எனக்கு அடையாளம் தெரிந்தது.

அகதி விண்ணப்ப விசாரணை அதற்குப் பிறகுதான் வந்தது. இவரிடம் கேட்டு முடித்துவிட்டு என்னிடம் தம்பியைப் பற்றிக் கேட்டார்கள். குனிந்துகொண்டே பதில் சொல்வதுதான் அதுவரை என் பழக்கம். அன்றைக்கு நிமிர்ந்து, அவன் எப்படி இருப்பான் என்று நெற்றியிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. சில மாதங்களில் அனுமதி கிடைத்தது. படத்தால்தான் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். தம்பியைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. மனுகாவ் ஐயாவின் மகனைப் பற்றியும் இல்லை.

பிறகு உங்களுக்கு நோய் வந்தது. உங்கள் ஜன்னலின் திரை மூடியே கிடந்தது. வெலிங்டனிலிருந்து திரும்பிவிட்ட உங்கள் கணவர், "யாரையும் பார்க்க மாட்டேங்கறா, சாந்தி. மருந்துல முடியெல்லாம் கொட்டிப் போச்சு. கண்ணாடியக்கூடக் கழட்டி வைக்கச் சொல்லிட்டா" என்றார். இப்போது உங்கள் ஜன்னலில் நான் விரலால் தட்டினேன். பதில் வரவில்லை. நாளும் நாளும் தட்டினேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் என்னை உள்ளே விட்டீர்கள். வாசலில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டுதான் வந்தேன். நீங்கள் துவாய்த் துண்டால் தலையை மூடி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள்.

"பார்க்காத சாந்தி. பயந்துடுவ."

"ஏற்கெனவே பயமாத்தான் கிடக்கு, அக்கா. திரும்புங்கோ."

வெகுநேரம் கழித்துத் திரும்பினீர்கள். தலைமயிர் இல்லை, இமை இல்லை, புருவம் இல்லை. பார்வையை வேறெங்காவது கொண்டுபோக எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? நான் கதிரையை இழுத்துப்போட்டுக் கிட்ட இருந்து பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"எனக்கும் ரொம்பப் பயமா இருக்கு மா" என்றீர்கள். அதை நீங்கள் உண்மையாகவே சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

உங்கள் வலது புருவம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சின்னத் தழும்பு. இத்தனை வருடம் பழகியும் நான் கண்டதில்லை, மயிர் மூடியிருந்தது. அது என்ன என்று கேட்டேன். நீங்கள் விரலால் தடவிப் பார்த்தீர்கள், உங்களுக்கே மறந்துபோயிருந்தது. பிறகு சொன்னீர்கள். சின்ன வயதில் அண்ணனுக்குத் தெரியாமல் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டுபோய் ஈப்போ மார்க்கெட்டுச் சுவரில் மோதினீர்களாம். அம்மா காப்பித்தூளை அள்ளி வைத்து அமுக்கினாவாம். "அடி வலிச்சதைவிட அந்தக் காப்பித்தூள்தான் எரிஞ்சது, லா" என்று சொல்லி, அந்த முகத்தால் சிரித்தீர்கள்.

அந்தத் தழும்பு உங்கள் போட்டோ ஒன்றிலும் இல்லை, அக்கா. உங்கள் கணவரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியாது. வலது புருவம், மூக்குப் பக்கமாக, ஒரு அரிசி நீளம். நான் பார்த்து வைத்திருக்கிறேன்.

உங்கள்
சாந்தி