கோயிலுக்குப் போன கத்தரிக்காய்

இஞ்சாருங்கோ,

நான் குறிகட்டுவான் துறைக்குப் போறன். அடுத்த வள்ளத்தில நயினாதீவு போய், நீங்கள் பரமலிங்கம் அண்ணையிட்டைக் குடுத்துவிட்ட கத்தரிக்காய் மூட்டையை, கோயில் மடத்தில சமைக்க முதல் மறிக்கவேணும்.

நேற்றுப் பின்னேரம் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிச்சதை எனக்கு ஏன் சொல்லேல்லை? இப்பதான் கதவுக்குப் பின்னால போத்திலைக் கண்டனான். பதினாலு நாளைக்குக் காய் பிடுங்கக்கூடாதெண்டு அதில எழுதிக் கிடக்கு. நீங்கள் விடியவே பிடுங்கி அன்னதானத்துக்கு அனுப்பிப்போட்டீங்கள்!

நகத்தளவும் இல்லாத ஒரு மண்ணிறப் பூச்சி. அதின்ரை புழு காயைத் துளைச்சது உங்களுக்குப் பெரிய மானக்கேடாப் போச்சு. "ஓட்டைக் காயைக் குடுத்தால் சனம் சிரிக்கும்" எண்டனீங்கள். புழுவெண்டால் வெட்டி எறிஞ்சுபோட்டுச் சமைக்கலாம். மருந்தை எந்தக் கத்தியால வெட்டுறது? குழந்தை குட்டியோட வாற சனமல்லோ அங்கை இருந்து சாப்பிடுது!

மடத்தில கேட்டால் உள்ளதைத்தான் சொல்லுவன். உங்கட பேரைக் காப்பாத்தப் பொய் சொல்ல எனக்கு ஏலாது.

சோறும் சொதியும் குசினியில மூடிக் கிடக்கு. சவுக்காரம் போட்டுக் கை கழுவிப்போட்டுச் சாப்பிடுங்கோ. வெளியில போனால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை அக்காவிட்டைக் குடுங்கோ.

தையல்நாயகி

பி.கு: இதை எழுதேக்கதான் நினைவு வருது. ராத்திரித் தலை சுத்துதெண்டனீங்கள். நான் வெய்யிலாக்கும் எண்டு மோர் தந்தனான். இன்னும் சுத்தினால் நான் வருமட்டும் பாத்துக்கொண்டிராமல் ஆசுப்பத்திரிக்குப் போங்கோ. போத்திலையும் கொண்டு போங்கோ. எனக்கு மறைச்சமாதிரி டொக்டருக்கும் மறைச்சுப்போடாதேங்கோ.