சிவப்புப் பொட்டு வைத்த தூண்

மேல் பஜார்,
19.11.1959

அன்புள்ள தம்பி லியனார்ட்டுக்கு,

அண்ணி ராசம்மா எழுதிக்கொள்வது. கொழும்பில் நீயும் ஜோசப்பினும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

புது வேலை பிடித்திருக்கிறதா? அந்த வெயில் ஜோசப்பினுக்கு ஒத்துக்கொள்கிறதா? மாசமாக இருப்பவளை வாளி தூக்க விடாதே. இங்கே ஓயாத மழை. மண் சரிந்து பொகவந்தலாவை பஸ்கூட வரவில்லை.

தெரு விளக்கு மாற்றுகிற வேலை அப்படியே நின்றுவிட்டது. பாதித் தெருவில் புது மின்சார விளக்கு எரிகிறது. மீதியில் பழைய இரும்புத் தூண்கள், உடைந்த கண்ணாடிக் கூண்டோடு நிற்கின்றன. பழைய தூணில் ஏணி சாத்தி ஏறிய மூக்கன் தூணோடு விழுந்து செத்த இடத்தைத் தாண்டி வேலைக்குப் போக ஆட்கள் பயப்படுகிறார்கள். அவன் பெண்சாதி ராக்காயி தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் என்னை நிறுத்தி, "தூணத் தட்டிப் பாத்த ஒம்புருசனுக்கு அது உக்கிப்போனதுன்னு தெரியலையா?" என்று கேட்டாள். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

விசாரணை வருகிற புதன்கிழமை. கூடப் பிறக்காவிட்டாலும் நீ கூடவே வேலை செய்த உன் அண்ணன் தூணைச் சரியாகப் பார்க்கவில்லை என்று, வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் எழுதிக் கொடுத்துவிட்டார். அடியில் சுத்தியலால் தட்டி, சத்தம் கேட்டு, துருவேறி உக்கிய தூணுக்குச் சிவப்பு பெயின்ட்டில் பொட்டு வைப்பதுதானே அவர் வேலை? பொட்டு வைத்த தூணில் யாரும் ஏணி சாத்த மாட்டார்கள், அடியோடு பிடுங்கிவிடுவார்கள். உனக்குத் தெரியாததா?

எல்லாம் அந்த ஆயுத பூசையில் வந்த வினை. ஏணிக்கும் சுத்தியலுக்கும் குங்குமம் வைத்த கையோடு தெருத் தூணுக்கெல்லாம் வைத்தீர்கள். அன்று காலையில் அவர் சிவப்பு பெயின்ட் வைத்த தூணும் அதில் ஒன்று. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் நீயும் சிரித்துக்கொண்டே தட்டைப் பிடித்தாய். மறுநாள் உன் அண்ணன் புதுத் தூண் ஏற்ற நோர்வூட்டுக்குப் போயிருந்தார். இஞ்சினியர் துரை வருகிறார், எல்லாப் பொட்டையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடையுங்கள் என்று ஓவசியர் சத்தம் போட்டாராம். இப்போது, அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார்.

மூக்கனை அடக்கம் பண்ணிய அன்று எங்கள் அடுப்படிக்கு வந்து அழுதாயே. "அண்ணி, அந்தத் தூண நாந்தான் தொடச்சேன். பெயின்ட்டு காயல. துணியில செவப்பா ஒட்டிக்கிட்டு வந்துச்சு" என்றாய். அடுத்த வாரமே கொழும்புக்குப் போய்விட்டாய். உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

உன் அண்ணனிடம் சொல்லாமல் இருப்பேனா? சொன்னேன். "என்னயத் தேத்துறதுக்காக அவம்மேல பழி போடாத புள்ள. லியனார்ட்டு அப்படி வாய மூடிக்கிட்டுப் போறவன் இல்ல" என்கிறார். கதவு, கட்டில் கால், வீட்டுத் தூண் எல்லாவற்றையும் விரலால் தட்டிக் காதை வைக்கிறார். தன் காது கெட்டுவிட்டதாம், மூக்கனைத் தானே கொன்றுவிட்டாராம். விசாரணையிலும் அப்படியே சொல்லப் போகிறார். சோறு தொடுவதில்லை. வீட்டில் இருந்த கயிறு, கத்தியை எல்லாம் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

துரைமார் முன்னால் பேசப் பயமாக இருந்தால் பேச வேண்டாம். உன் வேலையைக் கெடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எப்படியாவது ரயிலேறி வா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டு இருந்தது அண்ணே என்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போ. உன் வாயால் சொன்னால்தான் நம்புவார்.

ஜோசப்பினுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். பிறக்கிற பிள்ளை அப்பன் முகத்தைப் பார்த்து வளரட்டும். என் பிள்ளைகளுக்கும் அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

வழி பார்த்திருக்கும் அண்ணி,
ராசம்மா