பயணம் சொல்லும் வாரம்

ஜூலை 18, திங்கள்

காலையிலிருந்து காற்று. வகுப்பறை முழுக்க மண். மேசையைத் துடைத்துத் திரும்புவதற்குள் இன்னொரு படலம். பராஅத் இரவுக்குச் சுட்ட ரொட்டி வீட்டில் இன்னும் முடியவில்லை, என் வீட்டுக்காரருக்கு இன்றும் அதுவே காலைச் சாப்பாடு. முகத்தைச் சுளிக்கவில்லை. நல்ல மனிதர்.

நோன்பு விடுமுறைக்கு முன் எல்லா வகுப்பிலும் "அன்பு, நட்பு, சமூகம்" நடத்த வேண்டுமாம். வலயக் கல்வி அலுவலகத்தின் கட்டளை. அதிபர் சேர் சொல்லிவிட்டு, "செய்யிறது எதுவாயும் இருக்கட்டும் டீச்சர், படம் முக்கியம்" என்றார். மூன்றாம் தரத்துக்கு என்ன செய்வது?

- காகித மரம், இலைகளில் நல்ல வார்த்தை (போன வருட மரத்தைக் கரப்பான் தின்றது)
- நட்புப் பாட்டு (என் குரலில் வேண்டாம்)
- பூச்செடி நடுதல் (தண்ணீருக்கு எங்கே போக?)

ஹனானின் வாப்பா வந்தார், பள்ளி விடுகைப் பத்திரம் கேட்டு. நோன்புக்கு முன் குடும்பத்தோடு மன்னாருக்கே திரும்புகிறார்களாம். ஹனான் பிறந்தது இங்கே, தில்லையடிப் பக்கத்து அகதி முகாம் வீட்டில். மன்னாரை ஒரு தடவையோ இரண்டு தடவையோ பார்த்திருக்கிறாள். ஆனாலும் "திரும்பி"ப் போகிறாள்.

அவளுக்கும் ஸப்ராவுக்கும் முதலாம் தரத்திலிருந்து ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்து இடம். ஸப்ரா இந்த ஊர்ப் பழைய குடும்பம், உப்பு வயல்காரர் வீட்டுப் பிள்ளை. இன்றும் ஹனான் ரொட்டி கொண்டு வந்திருந்தாள், ஒன்று எனக்கு, ஒன்று ஸப்ராவுக்கு. என் பங்கை இடைவேளையிலேயே தின்றுவிட்டேன். நல்ல தேங்காய்.

ஜூலை 19, செவ்வாய்

பகல் இரண்டு மணி வரை கரண்ட் இல்லை. உடுப்பு ஊறியபடியே.

பின்னேரம் அடுத்த வீட்டு நானா பயணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வந்தார். உம்றாப் புனிதப் பயணம் போகிறார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம். உட்காரவில்லை. "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் செஞ்சிருந்தா மாப்புத் தாங்க மகள்."

தெரிந்து செய்தது ஒன்று உண்டு. பல வருடமாகத் தன் குசினியில் பாத்திரம் கழுவுகிற தண்ணீரை எங்கள் வேலிப் பக்கம் விடுகிறார். அதைச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. "மாப்புத்தான் நானா, எங்களுக்கும் துஆ செய்ங்க" என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, அந்தத் தண்ணீரையும் மீறி.

அவர் போன பின் இவர்: "வந்த பொறகாவது பைப்பைத் திருப்புவாரோ?"

அப்போதுதான் யோசனை வந்தது. தூரப் பயணம் போகிறவர் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். காகித மரத்தைவிட இது விளங்கும். ஹனானும் போகிறாள். வகுப்பே அவளுக்கும் ஒருவருக்கொருவரும் பயணம் சொல்லட்டும். ஒரே ஒரு திருத்தம்: நானா மாதிரி மொத்தமாகக் கேட்கக் கூடாது. என்ன செய்தோம் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

நாங்கள் யாருக்கும் பயணம் சொல்லவில்லை, தொண்ணூறில். துவக்கோடு வந்தவர்கள் முஸ்லிம்களையெல்லாம் மன்னாரை விட்டுப் போகச் சொன்னார்கள், வள்ளம் ஏறினோம். கற்பிட்டியில் இறங்கும்போது எனக்கு எட்டு வயது. அடுத்த வீட்டு மேரி என் புதுக் குடையின் கம்பியை உடைத்திருந்தாள். அந்தக் கோபத்தில் அவளோடு பேச்சு இல்லை. கோபம் அப்படியே இருக்க வந்துவிட்டேன்.

நாளை: வெண்கட்டி, சீனி, இவருடைய செருப்பு தைக்கக் கொடுக்க.

ஜூலை 21, வியாழன்

செய்திருக்கக் கூடாது.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் சலாம் சொல்லி, கை பிடித்து, பெரியவர்கள் மாதிரியே தலையைச் சாய்த்து நின்றார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கேட்ட மாப்புகளில் சில:

- "உங்கட ரப்பர எடுத்தது நான்தான்." (நாலு பேர் சொன்னார்கள். ரப்பர் ஒன்றுதான்.)
- "உங்கட வாப்பாட சைக்கிள்ல காத்தத் தொறந்து விட்டது நான்."
- அதிபர் சேருக்குப் பட்டப்பெயர் வைத்தவள் யார் என்று தெரிந்தது. பெயரை இங்கேயும் எழுத மாட்டேன். பொருத்தமான பெயர்.
- "டீச்சர், நீங்க போர்டுல எழுதக்குள்ள பின்னால உங்கள மாதிரி நடிச்சுக் காட்டின." மாப்புக் கொடுத்தேன். நடித்துக் காட்டு என்றேன். அச்சு அசல் நான்.

பிறகு ஸப்ரா எழுந்தாள். எல்லாரையும்விட இதை உண்மையாக எடுத்துக்கொண்டது அவள்தான். ஹனான் போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து அழுதுகொண்டே இருந்தாளாம். ஹனானின் கையைப் பிடித்தாள். வகுப்புக்கே கேட்கிற குரலில்:

"நீ பராஅத்துக்குத் தந்த ரொட்டிய நான் தின்னல்ல. கக்கூசுக்குப் பின்னால எறிஞ்ச. அகதி வீட்டுச் சாமான் திங்க வேணாமெண்டு உம்மா சொன்ன. எப்பவும் அப்பிடித்தான் எறியிற. மாப்புத் தா."

எப்பவும். மூன்று வருடமாக அந்தப் பிள்ளை தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஹனான் அழவில்லை. கையை உருவிக்கொண்டாள். "தர மாட்டன்" என்றாள். புத்தகப் பையை எடுத்துக்கொண்டு கடைசி வாங்குக்குப் போனாள். ஸப்ரா என்னைப் பார்த்தாள். நான் சொல்லித் தந்தபடிதானே செய்தாள். ஏன் சரிவரவில்லை என்று என்னிடம்தானே கேட்பாள்.

பெரியவர்கள் ஏன் மொத்தமாகக் கேட்கிறார்கள் என்று இப்போது விளங்குகிறது. நானாவைத் திருத்தப் போனேன் நான்.

ஜூலை 22, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்காகப் பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டது. விடுமுன்பே ஸப்ராவின் உம்மா வந்துவிட்டா. அதிபர் அறையில் நான், அவ, நடுவில் மேசை.

"வீட்டுக் கதையெல்லாம் வகுப்புல பேச வைக்கிறதா டீச்சர் படிப்பு? ஊர் முழுக்க என்னப் பத்தித்தான் கதை."

பிழை என்னுடையது என்றேன். உண்மையும் அதுதான். அத்தோடு விட்டிருக்கலாம், விடவில்லை. "நானும் அகதி வீடுதான், தெரியுமா?" என்று கேட்டேன்.

அவ என்னைப் பார்த்தா. கோபமெல்லாம் போய், உண்மையான அன்போடு: "சீச்சீ, நீங்க அப்பிடி இல்லையே டீச்சர். நீங்க எங்கட ஆள்."

அடித்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. இந்த ஊர் மனிதரைக் கட்டி, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, நல்ல பேரும் எடுத்து, கடைசியில் எனக்குக் கிடைத்தது இதுதான். நான் அப்படி இல்லையாம். அப்படியென்றால் எப்படி?

அவ போகும்போது வாசலில் நின்றா. "அப்ப அந்த முகாமுல பிள்ளையளுக்கு ஒரே வாந்தி, வயித்தாலடி டீச்சர். அதுல பயந்து அவங்கட சாமான் திங்க வேணாமெண்டு சொல்லத் தொடங்கின. பொறகு... வாயில வந்திட்டு."

அதிபர் சேர்: "சஹன் போடுவம் டீச்சர். எல்லாரையும் ஒண்டா இருத்தி சோறு குடுத்தா சரியாயிடும். படமும் வடிவா வரும்."

ஜூலை 24, ஞாயிறு

உடுப்பு. ஒட்டடை. நோன்புக்கு மிளகாய்த் தூள் இடித்தாயிற்று.

இவரிடம் எல்லாம் சொன்னேன். தைத்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பிள்ள பொய் சொல்லியிருந்தா நல்லமா?" என்றார். ஸப்ரா சொல்லாமல் இருந்திருந்தால் ஹனான் சந்தோசமாகப் போயிருப்பாள், ரொட்டி எங்கே போனது என்று தெரியாமலே. அதுவும் ஒரு நட்புதானா?

நேற்றிரவு மேரியின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. குடைதான் வந்தது, நீலம்.

ஜூலை 27, புதன்

ஸப்ரா தினமும் கேட்கிறாள். திங்கள் ஒரு ஸ்டிக்கரோடு. நேற்று இரண்டு நெல்லிக்காய். இன்று வெறுங்கை.

"மாப்புத் தா."

"தர மாட்டன்."

கவனித்தேன்: ஹனான் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை இப்போது. கேட்கும் நேரத்துக்குக் காத்திருக்கிறாள் போலவும் படுகிறது. இன்று இடைவேளை மணி அடித்து ஸப்ரா வரப் பிந்தியபோது கடைசி வாங்கிலிருந்து எட்டிப் பார்த்தாள். நெல்லிக்காயை மட்டும் தின்றிருக்கிறாள்.

நான் நுழையக் கூடாது என்று இருக்கிறேன். நுழைந்ததெல்லாம் போதும்.

மறக்காமல்: சஹனுக்குப் பாய், வாளி, இவரிடம் ஐஸ்.

ஜூலை 28, வியாழன்

மேகம், மழை இல்லை. காற்றுக்குப் பாய் பறந்தது, மூலைக்கு மூலை கல் வைத்தோம்.

மஞ்சள் சோறு, கோழி, மாசிச் சம்பல். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பிள்ளைகள். யார் யாரோடு என்று நான் பிரிக்கவில்லை, விருப்பம்போல் இருங்கள் என்றேன். ஹனான் கடைசியாக வந்தாள். இடம் இருந்த மூன்று தட்டையும் பார்த்துவிட்டு ஸப்ராவின் தட்டில் போய் உட்கார்ந்தாள், நேர் எதிரே.

ஸப்ராவின் உம்மா வருவா என்று எதிர்பார்க்கவில்லை. வந்தா, வாளியோடு. வரிசையாகப் பிள்ளைகளின் கைக்குத் தண்ணீர் ஊற்றினா. ஹனானின் முறை வந்தபோது கொஞ்சம் கூடுதலாக ஊற்றினா, சட்டையும் நனைந்தது. "பரவால்ல மாமி" என்றாள் ஹனான்.

ஹனானின் உம்மா ஒரு துணியில் ரொட்டி கட்டி அனுப்பியிருந்தா. ஹனான் ஒன்றை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்தாள், யாருக்கும் நேராக இல்லாமல். ஸப்ரா எடுத்தாள். கருகின ஓரத்தோடு முழுவதும் தின்றாள், கண்ணை ஹனானிடமிருந்து எடுக்காமல். கடைசித் துண்டு விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டினாள். தட்டில் எல்லாரும் சிரித்தார்கள். ஹனானும்.

ஸப்ராவின் உம்மாவுக்கும் ஒன்று கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்திருந்தா. தின்றாவா என்று பார்க்கவில்லை, சேர் படத்துக்குக் கூப்பிட்டார்.

எல்லாம் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ் என்று நினைத்தேன். பாய் சுருட்டும்போது ஸப்ரா என்னிடம் வந்தாள். "டீச்சர், ரொட்டியும் திண்டன். இன்னும் மாப்புத் தரல்லண்டு சொல்றா."

இனி நான் என்ன செய்ய.

ஜூலை 30, சனி

லொறி காலையிலேயே வந்துவிட்டதாம். நான் போகும்போது அலுமாரி ஏற்றியாகிவிட்டது. கதிரைகள், தையல் மெஷின், கோழிக்கூடு கோழிகளோடு. அவளுடைய வாப்பா, உம்மா வீடு வீடாகப் பயணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை சொல்ல நேரம் இருக்கிறது. பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

ஹனான் லொறியின் பின் பலகையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"மகள், ஸப்ராவோட இன்னும் கோவமா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப ஏன் மாப்புக் குடுக்கல்ல?"

இது தெரியாதா என்கிற மாதிரி பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி:

"குடுத்தா முடிஞ்சிடும்தானே டீச்சர். குடுக்காட்டித்தானே அவ கேட்டு அங்க வரோணும்."

அதற்குள் ஸப்ரா ஓடி வந்தாள், பின்னால் அவளுடைய உம்மா. லொறி புறப்பட்டது. ஸப்ரா கூடவே ஓடினாள், "மாப்புத் தா! ஹனான், மாப்புத் தா!" என்று கத்திக்கொண்டு.

"தர மாட்டன்!" ஹனான் இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். "வந்து கேளு!"

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் உறைத்தது. மேரிக்கு நானும் இன்னும் மாப்புக் கொடுக்கவில்லை. மன்னார் பஸ் எத்தனை மணிக்கு என்று இவரிடம் கேட்க வேண்டும்.