நடு எழுத்து

மார்ச் 4, செவ்வாய்

கேட்டில் இருக்கிற கேமரா கெட்டு ஏழு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து கேட் வாட்ச்மேனான எனக்குத் தொழிற்சாலையில் பெயர் 'கேமரா'. ஒரு தடவை பார்த்த முகத்தை மறக்கமாட்டேன் என்று நான்தான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் பாடம் மண்டையில் ஏறவில்லை, முகமாவது ஏறட்டுமே.

இன்று காலை பஸ்ஸில் பழைய சூப்பர்வைசரைப் பார்த்து முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று உருகி உருகி விசாரித்தேன். அவர் வேறு யாரோ. மரியாதைக்காகப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார். இதையெல்லாம் வெளியே சொல்வதில்லை.

மார்ச் 5, புதன்

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டோரிலிருந்து டிரில்லிங் மெஷின் ஒன்று காணாமல் போயிருக்கிறது. கனமான பையோடு யார் வெளியே போனது என்று மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். ஷிப்ட் விடும்போது இருநூறு பேர் போகிறார்கள், எல்லார் கையிலும் பை. ஞாபகமில்லை என்றேன்.

அவர் போனை நீட்டினார். போன மாதம் கான்ட்ராக்டில் வந்த பெயிண்டரின் போட்டோ.

"இவன நல்லா பாருங்க. அவசரமில்ல, யோசிச்சு சொல்லுங்க."

பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ஞாபகம் வந்துவிட்டது! தலையில் சோப்பு நுரையோடு நிற்கும்போது படம் ஓடுகிற மாதிரி வந்தது. நீலக்கோடு போட்ட சட்டை. தோளில் பை. கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்த நடை. ஈரத்தோடு ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். துவட்டிக்கொண்டு சொல்லுங்கள் என்றாள்.

மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார். வரும் புதன்கிழமை விசாரணை. நான் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டால் பெயிண்டருக்கு வேலை போய்விடும், அதற்கு மேல் போலீஸ். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்?

மார்ச் 9, ஞாயிறு

மகள் கல்லூரியில் மனோதத்துவம் படிக்கிறாள். ஏதோ செய்முறைக்கு இருபது பேர் வேண்டுமாம். இருபதாவது ஆள் சிக்காததால் அப்பா ஞாபகம் வந்திருக்கிறது.

முதலில் ஒரு பட்டியலை வாசிக்கச் சொன்னாள். குடை, கனவு, மேசை என்று முப்பது சொற்கள். ஒரு மணி நேரம் கழித்து எழுத்து விட்டுப்போன சொற்களைக் கொடுத்து, முதலில் மனதில் வருவதை எழுதச் சொன்னாள். அதில் ஒன்று, க_வு. யோசிக்கவே இல்லை, டக்கென்று எழுதினேன்.

தாளைப் பார்த்துச் சிரித்தாள். பட்டியலை வாசித்தவர்கள் அநேகமாகக் 'கனவு' என்றுதான் எழுதினார்களாம். வாசிக்காதவர்களில் நிறைய பேர் 'கதவு'.

"நீங்க ஒருத்தர்தாம்ப்பா 'களவு'. நாள் முழுக்க கதவுகிட்ட நிக்கிற மனுஷன், கதவுன்னாவது எழுதியிருக்கலாம்."

அது எப்படி வந்தது என்று கேட்டேன்.

"முன்னாடி பார்த்தது, கேட்டது எல்லாம் வாசல்லயே நின்னுக்கிட்டு இருக்கும்ப்பா. நாம வேற யாரையோ கூப்பிட்டா அது முந்திக்கிட்டு உள்ள வந்துடும். அதத்தான் கூப்பிட்டோம்னு நாமளும் நம்பிடுவோம்."

நன்றாகத்தான் படிக்கிறாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

சாயங்காலம் பெயிண்டர் வெளியே போவதைக் கவனித்தேன். பெயிண்ட் தெறித்த வெள்ளை உடுப்பு, மேலிருந்து கீழ் வரை ஒரே துணி. வந்த நாளிலிருந்து அதோடுதான் வருகிறான், அதோடுதான் போகிறான் என்றார் கேண்டீன்காரர்.

அப்படியென்றால் நீலக்கோடு?

ஏதோ சாக்குச் சொல்லி மேனேஜரிடம் அந்த போட்டோவை மறுபடி வாங்கிப் பார்த்தேன். நீலக்கோடு போட்ட சட்டை. படம் மார்போடு முடிகிறது. பையை மாட்டிவிட்டது நான். நடக்க விட்டதும் நான்.

மார்ச் 11, செவ்வாய்

மேனேஜரிடம் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. "இப்போ பேச்ச மாத்துனா, ரெண்டு பேரும் கூட்டுன்னு நெனைப்பாங்க. பார்த்துக்கோங்க" என்றார்.

மகள் படிப்புக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அவன் திருடியே இருந்தால்? நான் எதற்கு நடுவில்? பார்த்தேன் என்று சொன்னால் முடிந்தது. அப்படி நினைத்தால் இப்போதும் அந்தச் சாய்ந்த நடை கண்ணில் தெரிகிறதே — எழவு, இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

மனைவியிடம் புலம்பினேன். நேற்று அவள் என்ன கலரில் உடுத்தியிருந்தாள் என்று என்னைக் கேட்டாள். பச்சை என்றேன்.

"பச்சையில எங்கிட்ட ஒண்ணுமே கிடையாது. நீங்க போய் ஒருத்தன் பொழப்புல கையெழுத்து போடப்போறீங்களா?"

மார்ச் 12, புதன்

மேசைக்கு அந்தப் பக்கம் பெயிண்டர். கைகளை மேசைக்கு அடியில் வைத்திருந்தான். இவரைப் பார்த்தீர்களா என்று பெரிய அதிகாரி கேட்டார்.

"முகம் தெரியுது சார். ஆனா கேட்ல பார்த்ததா, மேனேஜர் சார் போன்ல பார்த்ததான்னு எனக்கே தெரியல. தெரியாதத எப்படி சார் எழுதிக் கொடுக்கிறது?"

அவன் கைகள் மேசைக்கு மேலே வந்தன.

மார்ச் 14, வெள்ளி

மேனேஜர் சும்மா இருப்பாரா? மாற்று வாட்ச்மேனுக்கும் போட்டோவைக் காட்டியிருக்கிறார். அவர் அடித்துச் சொன்னாராம், கண்ணால் பார்த்தேன், நீலச் சட்டை என்று. ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தால், அந்த வியாழக்கிழமை அவர் லீவு. பல் பிடுங்கப் போயிருந்தார். விசாரணையை மூடிவிட்டார்கள். கேண்டீனே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

என்னைப் பின்கேட்டுக்கு மாற்றியாயிற்று. குப்பை வண்டிகளும் நாய்களும்தான். பழகிய முகங்கள்.

ஏப்ரல் 2, புதன்

மெஷின் இன்னும் கிடைக்கவில்லை.

பெயிண்டருக்கு கான்ட்ராக்டை நீட்டித்திருக்கிறார்கள். பின்பக்கச் சுவருக்கு வெள்ளையடிக்கிறான், அதனால் என் கேட் வழியாகத்தான் போய் வருகிறான். அண்ணே என்று கூப்பிடுகிறான். சாயங்காலம் என் பக்கத்தில் வந்ததும் நின்று, பையை அகலமாகத் திறந்து பிடித்தான்.

"நான் கேக்கலையே தம்பி" என்றேன்.

"பரவால்லண்ணே, பார்த்துக்கோங்க. தினமும் உங்க கண்ணு பை மேலதான போகுது."

பார்த்தேன். டிபன் டப்பா, ஒரு துண்டு, என் மகள் வயதுப் பெண்ணுக்கு வாங்கியது போல ஒரு ஜோடி செருப்பு. போகலாம் என்று கையைக் காட்டினேன்.