மஞ்சள் கதவுக்கு அனுமதி வேண்டி

அனுப்புநர்:
ம. இன்னாசிமேரி,
இரண்டாம் தளம், ‘இ’ பிளாக்,
புன்னைவனம் அரசு அலுவலர் குடியிருப்பு,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகம்,
கடலூர்.

பொருள்: விதியை மீறிக் கதவுக்கு மஞ்சள் பூசியதை ஒப்புக்கொள்வதும், மறுபடியும் பூச அனுமதி கேட்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் கணவர் மரியலூர்து, வயது ஐம்பத்திரண்டு, சிதம்பரத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். அவருக்கு மறதி நோய். இந்த வயதிலும் அது வரும் என்பது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதுவரை, மனைவி சொல்வதைக் காதில் வாங்காத சாதாரணக் கணவர் என்றே நினைத்திருந்தேன்.

நம் குடியிருப்பில் எல்லாக் கதவும் ஒரே நீலம். மாலை நடை முடிந்து வருபவர் ஒரு தளம் முன்னதாகவே நின்று, கீழ்வீட்டு விருத்தாம்பாள் அக்கா வீட்டில் நுழைந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் காபி கேட்பார். அக்காவும் கொடுப்பார். கூப்பிடப் போகும் என்னிடமே, “இங்க காபி ஜோரா இருக்குதுங்க. எங்க வூட்ல ஒரு அம்மா போடறாங்க பாருங்க, கசாயம்” என்று குறை சொல்வார். இருபத்தைந்து வருடமாகக் குடித்தவர் சொல்லும்போது நான் என்ன மறுக்க?

ஆகவே சென்ற மாதம் நானே பெயிண்ட் வாங்கி அடித்தேன். கதவைவிட என் தலையில் அதிகம் பட்டது. ஆனால் அன்றிலிருந்து அவர் நேராக வீட்டுக்கு, கசாயத்துக்கே வந்தார்.

போன வியாழக்கிழமை, நான் அலுவலகத்தில் இருந்தபோது, தங்கள் ஆட்கள் வந்து நீலம் அடித்துவிட்டுப் போனார்கள். விதிப்படி சரிதான். மாலையில் மாடியேறிய என் கணவர் மஞ்சளைக் காணாமல், கட்டடமே தப்பு என்று இறங்கி, பழைய பழக்கத்தில் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டார்.

அவர் சட்டைப் பையிலிருந்த எண்ணைப் பார்த்து, அங்கே ஒரு டீக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். போய்ச் சேரும்வரை எந்த மாதாவுக்கு எத்தனை மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன் என்பது இப்போது எனக்கே ஞாபகமில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். “நான் யாருன்னு தெரியுதா?” என்றேன். என் பெயர் வரவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, “மஞ்சக் கதவு வூட்டம்மாதான நீங்க?” என்றார். ஆமாம் என்றேன். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்னாசிமேரி என்ற பெயர் இனி அவருக்கு வராது போலிருக்கிறது. அவரிடம் எனக்கு மிச்சம் இருப்பது ‘மஞ்சக் கதவு வூட்டம்மா’ என்ற பெயர் ஒன்றுதான், ஐயா.

எனவே அந்தக் கதவை மஞ்சளாக்க எழுத்து மூலம் அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இம்முறை பெயிண்டரை வைத்து ஒழுங்காக அடிக்கிறேன். வீட்டைக் காலி செய்யும் நாளில் நீலமாக்கிக் கொடுத்துவிடுகிறேன்.

தங்கள் பதில் வரும்வரை கதவில் என் மஞ்சள் புடவையைத் தொங்கவிட்டிருக்கிறேன். அதற்கும் விதி இருந்தால் தெரிவிக்கவும்.

இடம்: கடலூர்
நாள்: 10.02.2025

தங்கள் உண்மையுள்ள,
ம. இன்னாசிமேரி