சூசை அறுத்த கயிறு

பரிதாபி வருஷம் தை மாசம் 6-ந் தேதி
போடிநாயக்கனூர்

தூத்துக்குடியில் ஏலக்காய்க் கிடங்கு வேலையில் இருக்கும் என் மகன் சீனிச்சாமிக்கு உன் ஆத்தா சுருளியம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் மதினி கருத்தம்மாளும் பேத்தி இருளம்மாளும் மாடுகன்றும் ஜக்கம்மா புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறோம், அங்கே நீ உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறாய் என்று உன் காகிதத்தில் கண்டு மனசு ஆறினேன். எழுத்து கோணலாக இருக்கும், கண்ணை இடுக்கிக்கொண்டு வாசி. வாத்தியாரிடம் சொல்லி எழுதினால் நான் சொல்லாததையும் சேர்த்து எழுதுவார், எழுதினதைக் கடைத்தெருவில் சொல்லவும் செய்வார். இந்தக் காகிதம் அப்படி ஊர் வாயில் விழக்கூடியது அல்ல. அதனால் சிறு வயதில் ரெண்டு வருஷம் மணலில் எழுதிப் பழகின கையாலேயே நாலு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்கழி முழுக்க இங்கே மழை. ஏலத்தோட்டத்தில் கடைசிப் பறிப்பு ஈரத்தோடு வந்து, பாதி காய் நிறம் மங்கிப்போனது. மயிலைக் காளைக்குக் குளம்பில் புண், ராசிங்காபுரத்திலிருந்து ஆள் வந்து சூடு போட்டுவிட்டுப் போனான், இப்போது ஊன்றி நடக்கிறது. இருளம்மாளைச் சிலமலையிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். வந்தவர்களில் கன்னையனுடைய தம்பி மகனும் இருந்தான், பார்த்ததும் சொம்புத் தண்ணீரோடு அனுப்பிவிட்டேன். நாற்பது வருஷம் ஆகிவிட்டதே என்று கருத்தம்மாள் முனகினாள். ஆகட்டும். கொட்டகுடி ஆற்றில் வெள்ளம் வந்த அன்று என் அண்ணன் வேலுச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் கன்னையன், நடு ஆற்றில் கையை விட்டவனும் அவன்தான். அண்ணன் உடம்பு மூன்றாம் நாள் கிடைத்தது. கன்னையன் அக்கரையில் நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். அன்றைக்குத்தான் நம் வீட்டுக்கு அந்தச் சட்டம் வந்தது, மனுஷன் கையை நம்பாதே, கயிற்றை நம்பு என்று. கரை மரத்தில் வடத்தைக் கட்டி, ஒவ்வொருவரும் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் நம் ஆட்கள் ஆற்றில் இறங்குவது. அந்த முடிச்சை உனக்கும் உன் அண்ணன் ஜக்கையனுக்கும் நடக்கப் பழகின வயதிலேயே சொல்லிக்கொடுத்தேன். நனைந்தால் இறுகும், இழுக்க இழுக்க இன்னும் இறுகும், நழுவாது. அதைப் பற்றித்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

உன் காகிதம் வந்தது. மாசி முதல் வாரத்தில் சின்ன முதலாளி தன் சிநேகிதர் ரெண்டு பேரோடு தனியாக ஒரு வள்ளம் பேசிக்கொண்டு, கரைக்குப் பக்கத்துப் பாருக்கு மீன் பிடித்து விளையாடப் போகிறார் என்றும், உன்னையும் வா என்கிறார் என்றும், போகாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்றும் எழுதியிருந்தாய். பார் என்றால் கடலுக்கு அடியில் கிடக்கும் கல்மேடு என்று எனக்கு நீ சொல்ல வேண்டியதில்லை, பதினோரு வருஷமாக அந்தச் சொல் என் காதில் கிடக்கிறது. வள்ளக்காரன் பெயரை எழுதாமல் கடைசியில் சின்ன எழுத்தில் சூசை என்று போட்டிருந்தாய். ஏலக்காய் மூட்டையோடு போன உன் அண்ணனைப் பெரிய முதலாளி கூட்டிப்போனதும் இதே மாசியில், இதே பாருக்கு, அதே சூசையின் வள்ளத்தில். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கடலில் செத்துப்போன உன் அண்ணனை அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டு, முதலாளியின் ஆள் ஒருவன் ஒன்பதாம் நாள் வந்து வேட்டியையும் துண்டையும் ஒரு துண்டுக் கயிற்றையும் நம் வாசலில் வைத்தான். வள்ளக்காரன் கயிற்றை அறுத்துவிட்டான் ஆத்தா என்று ஒரு வார்த்தை சொன்னான், வண்டி ஏறிவிட்டான். நான் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முடிச்சு நான் சொல்லிக்கொடுத்த முடிச்சு. முனை கத்தி பட்ட முனை. பிள்ளை நான் சொன்னபடி ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தான், தன் உயிர் தப்பிக்க அந்தப் பாவி அறுத்துவிட்டான் என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். வந்தவர் போனவருக்கெல்லாம் அந்த முனையைக் காட்டினேன். சூசையின் குலம் விளங்காமல் போக மண்ணை வாரித் தூற்றினேன். நீ தூத்துக்குடிக்கு வேலைக்குப் போகிறேன் என்றபோது, அவன் வள்ளத்தில் கால் வைக்கமாட்டேன் என்று கோயிலில் சூடம் அணைத்து உன்னைச் சத்தியம் பண்ணவைத்தேன். அப்போது பெரியவர்கள் ரெண்டு பேர் ஏதோ சொல்ல வந்தார்கள், கடலில் வேறு மாதிரி இருக்கும் தாயி என்று. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி சொல்வதைப் பதறாமல் வாசி. மார்கழி இருபதாம் தேதி வாக்கில் குரங்கணிக்கு மேலே தோட்டத்திலிருந்து நானும் என்னோடு காய் பறிக்கிற பெரியம்மாளும் இன்னும் ஆறு பெண்களும் இறங்கி வந்தோம், ஆற்றில் இடுப்புக்கு மேல் தண்ணீர். வள்ளம் கட்ட மரம் பார்க்க மலைக்கு வந்தவர்கள் மூன்று பேர், ஆற்றைத் தாண்ட முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு பேர் ஆசாரிகள், ஒருவன் நரைத்த தலை, கழுத்தில் சிலுவை. நம் வடம்தான் இருக்கிறதே என்று அவர்களையும் கூப்பிட்டேன். ஆசாரிகள் ரெண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். நரைத்தவன் மட்டும், நான் கட்டமாட்டேம்மா, கையில புடிச்சுக்கிட்டே வாரேன் என்றான். பெரியம்மாள் சும்மா இருப்பாளா, பொம்பளைக நாங்களே கட்டிக்கிட்டு நிக்கிறோம், மீசைக்காரருக்கு வெக்கத்தப் பாரு என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, வெக்கம் இல்லம்மா, பயம் என்றான். பிறகு குனிந்து பெரியம்மாள் இடுப்பில் இருந்த முடிச்சைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். இந்த முடிச்சு யாரு போட்டது என்று கேட்டான். நான்தான், எங்க வீட்டு முடிச்சு, எம் புள்ளைகளுக்கெல்லாம் இதான் என்றேன். அவன் அப்படியே ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். நான் இத ஒரு தடவ பாத்திருக்கேன், தண்ணிக்கு அடியில வச்சுப் பாத்திருக்கேன் என்றான். ஆசாரி ஒருவன், என்ன சூசையண்ணே, எந்திரிங்க என்று தோளைத் தொட்டான்.

பெயரைக் கேட்டதும் நான் கல்லைத்தான் எடுத்தேன், மறைக்கமாட்டேன். தலையளவு கல். எம் மவன் கயித்த அறுத்த சூசையாடா நீ என்று கேட்டேன். அவன் எழுந்து ஓடவில்லை, கையை உயர்த்தவும் இல்லை. ஆமம்மா, அறுத்தேன், ஆனா லேட்டா அறுத்தேன் என்றான். என்னடா சொல்ற என்றேன். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன், எனக்கு ஒரு சொல் மறக்கவில்லை. வள்ளத்தில் நங்கூரத்துக்குப் பெரிய கல் ஒன்று கிடக்கும், அதில் கயிறு கட்டியிருக்கும், பார் வந்ததும் கல்லைத் தூக்கிப் போட்டால் வள்ளம் நிற்கும். அலையில் வள்ளம் ஆடியதும் உன் அண்ணன் முகம் வெளுத்துப்போய், யாரும் பார்க்காதபோது அந்தக் கயிற்றை இழுத்துத் தன் இடுப்பில் கட்டித் துண்டால் மூடிக்கொண்டிருக்கிறான். கல்லில் கட்டின கயிறு, மரத்தில் கட்டின கயிறு மாதிரித்தானே என்று நினைத்திருப்பான். பார் வந்தது, கல்லைப் போட்டார்கள். கயிறு ஓடியது, அதோடு பிள்ளையும் ஓடினான். கல் பாரின் இடுக்கில் போய் மாட்டிக்கொண்டது, மேலே இருந்தவர்கள் இழுக்க இழுக்க அது வரவில்லை. சூசை குதித்தான். எம்மா, மொத முங்குல அந்த முடிச்சத்தான் அவுக்கப் பாத்தேன், ரெண்டு கையாலயும் பாத்தேன், பல்லாலயும் பாத்தேன், புள்ள எந் தோளப் புடிச்சுக்கிட்டு இருந்தான், அது அவுரல என்றான். கத்தி மேலே மீன் அறுக்கிற பலகையில் இருந்தது. மூச்சு முட்டி மேலே வந்து, கத்தியோடு மறுபடி முங்கி அறுத்தபோது தோளைப் பிடிக்கப் பிள்ளையின் கை எழவில்லை. பதினோரு வருசமா அவன் ஏன் கட்டுனான்னு எனக்கு வெளங்கலம்மா, கடல்ல யாரும் அப்படிக் கட்டமாட்டாக, இன்னிக்குத்தான் வெளங்குச்சு என்றான். உங்க சின்ன மவன் கடக்கரையில என்னயக் கண்டா வேற பக்கமாப் போயிருவான், போகட்டும், நான் ஒண்ணும் நெனைக்கல என்றும் சொன்னான்.

கல் என் கையிலேயே இருந்தது. வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, வழிச்சோற்றில் ஒரு கை கொடுக்கவில்லை, வெற்றிலை நீட்டவில்லை. அவன் வடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கரை ஏறிப் போய்விட்டான். வீட்டுக்கு வந்து மரப்பெட்டியிலிருந்து அந்தத் துண்டுக் கயிற்றை எடுத்தேன். அவன் பொய் சொல்லியிருக்கலாம் அல்லவா. அண்டாவில் தண்ணீர் நிரப்பி, கயிற்றை உள்ளே அமுக்கி வைத்து, தண்ணீருக்குள்ளேயே முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு நாள் அல்ல, மூன்று நாள். வலது கை நகம் ரெண்டு பிய்ந்தது, அதனால்தான் இந்த எழுத்து இவ்வளவு கோணல். மூன்றாம் நாள் கருத்தம்மாள் வந்து அண்டாப் பக்கத்தில் நின்றாள். விடுங்க அத்தை, அது அவுராது, கல்யாணமாகி வந்த வருசமே எனக்குத் தெரியும், மொதத் தடவ ஆத்துல எறங்குன அன்னிக்கு எம் முடிச்ச அருவா வச்சுத்தான அறுத்தீக என்றாள். பின்னே இத்தனை வருசம் ஏண்டி வாயத் தொறக்கல என்றேன். உங்ககிட்ட யாரு சொல்றது என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். தாலியை இழந்தவள் அவள். அழவும் இல்லை, என்னை ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் உனக்கு எழுதாமலே செத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன் அப்பு. அதற்குள் பாருக்குப் போகட்டுமா என்று உன் காகிதம் வந்துவிட்டது. நான் சும்மா இருந்தால் ரெண்டில் ஒன்று நடக்கும். சத்தியத்துக்குப் பயந்து நீ வேறு வள்ளத்தில், தெரியாத எவனோடோ போவாய், இல்லாவிட்டால் சத்தியத்தை மீறிச் சூசையின் வள்ளத்தில் ஏறி, பயத்தில் நீயும் உன் அண்ணன் மாதிரி எதையாவது இடுப்பில் கட்டுவாய். உன் கைக்கும் அந்த முடிச்சு தெரியும், நான்தானே பழக்கினேன். அதனால் நேற்று வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், சின்னவன் பண்ணின சத்தியம் என்னுடையது, மீறினால் வருவது என் தலைக்கு வரட்டும் என்று சொல்லி, நானே சூடம் அணைத்துவிட்டு வந்தேன். சத்தியத்திலிருந்து உன்னை விட்டாயிற்று. போகாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம். போகத்தான் வேண்டும் என்றால் சூசையின் வள்ளத்தில் மட்டும் போ. அவன் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார். கல் கிடக்கிற பக்கம் போகாதே, ஓடுகிற கயிற்றைத் தாண்டாதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று வாயால் சொல். உன் அண்ணன் சொல்லவில்லை, மலையில் பிறந்தவன் பயப்படக்கூடாது என்று அவனை வளர்த்தது யார் என்று கேட்டால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆற்றுக்குக் கயிறு வேண்டும், அதை நான் இன்னமும் விடவில்லை. முடிச்சை மாற்றிவிட்டேன், ஒரு சுண்டில் உருவிக்கொள்கிற மாதிரி. பெண்களுக்கு இன்னும் கை பழகவில்லை, பழைய முடிச்சைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். கன்னையன் விஷயத்தில் என் மனசு மாறினதாக யாரிடமும் சொல்லிவிடாதே, அவன் கையை விட்டவன்தான். முதலாளி வீட்டு ஆளையும் நான் மறக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டி ஏறியவனை. ஆனால் அன்றைக்கு அவன் முழுவதும் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்று கருத்தம்மாள் கேட்கிறாள்.

ஏலக்காய் வண்டி ஓட்டும் ராமர் வசம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பச்சை நிறம் மாறாத முதல் தரம் ஏலக்காய், ஒரு குடுவை மலைத்தேன். உனக்கல்ல, சூசைக்கு. என்ன சொல்லிக் கொடுப்பது என்று யோசிக்காதே. அன்றைக்கு ஆற்றங்கரையில் கொடுக்காமல் விட்டது என்று சொன்னால் அவனுக்குத் தெரியும். உன் அண்ணனை எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், கூட்டிப் போகச் சொல், ஒரு பிடி மண் எடுத்துக் கருத்தம்மாள் பெயருக்கு அனுப்பு. என் பெயருக்கு வேண்டாம்.

நீ தலை நரைக்க வாழவேண்டும், உன் கால் பட்ட கரையெல்லாம் உறுதியாக இருக்கவேண்டும், ஜக்கம்மா உன் கூடவே வரட்டும். பாருக்குப் போகிற அன்று இடுப்பில் அரைஞாணைத் தவிர வேறு ஒன்றும் இருக்கக்கூடாது, ஞாபகம்.

இப்படிக்கு
முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்த உன் ஆத்தா
சுருளியம்மாள்